முழுப்பச்சை

அரசாங்கம் அதற்குச் ‘செவிலி’ என்று பெயர் வைத்தது. பெயர் வைப்பதில் மட்டும் நம் ஆட்களை யாரும் குறை சொல்ல முடியாது. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை. குழந்தையின் காதுமடலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயம். குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது. கழற்றினால் அரை மணி நேரத்தில் சிறார் காப்பு வாரியத்தின் ஆள் வாசலில் நிற்பார்.

நல்ல காரணத்துக்குத்தான் அது வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் வாய் பேசத் தெரியாத குழந்தைகள் என்ன பாடு படுகிறார்கள் என்று வரிசையாகச் செய்திகள் வந்த வருஷம் அது. சட்டம் வந்த அன்று நானும் கை தட்டினேன். என் மகள் அமிழ்தாவுக்கு அப்போது ஒன்றரை வயது. வில்லையை ஒட்டியபோது அவள் சிணுங்கக்கூட இல்லை. “இனி நிம்மதியா வேலைக்குப் போலாம் தாரணி” என்றார் என் கணவர் திருமூர்த்தி. அவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, எனக்குக் கோயமுத்தூரிலேயே ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் தர ஆய்வு.

குழந்தையைச் சுற்றி யார் என்ன பேசினாலும் செவிலி கேட்கும். கேட்டு நிறம் போடும். அன்பான பேச்சுக்குப் பச்சை, கடிந்த பேச்சுக்கு மஞ்சள், அச்சுறுத்தும் பேச்சுக்குச் சிவப்பு. மணிக்கொரு தரம் அந்த நிறம் எங்கள் போனுக்கு வந்துவிடும். ஆபத்து என்றால் பெரியவர்கள் யாராவது செவிலியைக் கூப்பிட்டு ஒரு சொல் சொன்னால் போதும், பதில் சொல்லிவிட்டு அதுவே ஆம்புலன்ஸைக் கூப்பிடும். வாசல் கதவும் அதன் பொறுப்புதான். வீட்டுப் பெரியவர்களின் குரலுக்கு மட்டும் திறக்கும். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் கைத்தாழ் வைக்கக் கூடாது என்று விதி.

இரண்டு வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு என் அப்பா வந்தார்.

அப்பாவின் பெயர் ராக்கியப்பன். முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். முன்படியில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவர் எழுந்து டிக்கெட்டுக்குப் பையைத் துழாவுவார். அம்மா போன பிறகு உடுமலை வீட்டைப் பூட்டிவிட்டு எங்களுடைய ஏழாவது மாடிக்கு வந்து சேர்ந்தார். வந்த மூன்றாம் நாள் அமிழ்தா என்னை மறந்துவிட்டாள். தூங்கி எழுந்தால் அப்புச்சி, சாப்பிட அப்புச்சி, செருப்புப் போட்டுவிட அப்புச்சி. பாலர் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து, அப்புச்சியோடு வீட்டிலேயே இருந்துகொண்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“ஏ குட்டிக் கழுத, இந்த ஒரு வாய வாங்கறயா, இல்ல உன்ற காதக் கடிச்சுத் தின்னுபோடட்டுமா?” என்பார். அவள் உடனே தலையைச் சாய்த்து வலது காதை நீட்டுவாள். கடித்தால் இடது காது. அதற்குள் இரண்டு வாய் சோறு உள்ளே போயிருக்கும். எங்கள் பக்கத்தில் கொஞ்சுவது என்றாலே இப்படித்தான். யாரும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு “உன்னை மிகவும் நேசிக்கிறேன்” என்று வசனம் பேசியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கன்னத்தைக் கிள்ளி, கழுதை, திருட்டு நாய், பூச்சாண்டிக்குப் புடிச்சுக் குடுத்துருவேன் என்று திட்டினால்தான் அது பாசம்.

காதுக்கு ஒரு சிவப்பு விழுந்தது. பூச்சாண்டிக்கு இரண்டாவது சிவப்பு. நான் அப்பாவிடம் எச்சரித்தேன். “நாக்கு பழகிப்போச்சு அம்மிணி, இனிப் பாத்துப் பேசறேன்” என்றார். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நாளும் அமிழ்தா சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவரால் பொறுக்க முடியவில்லை.

“சோறு திங்காத புள்ள எனக்கு வேண்டாஞ் சாமி. உன்னையத் தவிட்டுக்குத்தான வாங்குனோம்? தவிட்டுக்காரன் வரட்டும், திருப்பிக் குடுத்துப்போடறேன்.”

அமிழ்தா விழுந்து விழுந்து சிரித்தாள். கூடத்தில் இருந்த நானும் சிரித்தேன். சின்ன வயதில் இதைக் கேட்காத பிள்ளை நம் பக்கத்தில் உண்டா? தவிட்டுக்கு வாங்கினது, ஆற்றில் கண்டெடுத்தது, குறத்தி கொடுத்துவிட்டுப் போனது என்று ஆளுக்கொரு கதை சொல்லித்தான் எல்லோரையும் வளர்த்தார்கள். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் போன் அதிர்ந்தது. ‘ராக்கியப்பன், வயது 67. அச்சுறுத்துபவர், நிலை இரண்டு. விசாரணை முடியும் வரை குழந்தையிடமிருந்து முப்பது அடி தள்ளி இருக்கவும்.’

இரண்டு படுக்கையறை வீட்டில் முப்பது அடிக்கு எங்கே போவது? அளந்து பார்த்தபோது லிஃப்ட் வாசல் வந்தது. ஒன்பது நாள் என் அப்பா லிஃப்ட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் லீவு போட்டு வீட்டில் இருந்து, சாப்பாட்டை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். படுக்கை வாட்ச்மேன் அறையில். ஏறி இறங்குகிற ஒவ்வொருவரும் “என்னங்கய்யா, வெளிய உக்காந்திருக்கீங்க?” என்று கேட்பார்கள். “காத்தாட உக்காந்தேனுங்க” என்பார். ஏழாவது மாடி லிஃப்ட் வாசலில் என்ன காற்று? எல்லோருக்கும் விஷயம் தெரியும், தெரிந்துதான் கேட்டார்கள். உள்ளே அமிழ்தா கதவைத் தட்டித் தட்டி அழுதாள். அந்த அழுகையை வைத்துச் செவிலி ஒரு அறிக்கை அனுப்பியது: அச்சுறுத்தலின் பின்விளைவாம்.

பத்தாம் நாள் விசாரணை. நான், அப்பா, திருமூர்த்தி மூன்று பேரும் வாரியத்துக்குப் போனோம். விசாரணை அலுவலர் வாசுகிக்கு என் வயதுதான் இருக்கும். கெட்டவர் இல்லை. அப்பாவை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். மேசைமேல் ஒரு திரை. நாங்கள் பேசுவதெல்லாம் அதில் எழுத்தாக ஓடிக்கொண்டிருந்தது.

“தவிட்டுக்கு வாங்கினோம், திருப்பிக் குடுத்துருவேன்னு சொன்னீங்களா ஐயா?”

“சொன்னனுங்க.”

“மேடம், அது கேலிங்க” என்றேன். “உங்க வீட்ல உங்கள யாருமே அப்படிச் சொன்னதில்லீங்களா?”

“சொல்லியிருக்காங்க. எனக்குப் புரியுதுங்க தாரணி. ஆனா செவிலிக்குச் சொல்லுதான் தெரியும், மனசு தெரியாது.”

“அப்ப மனசத் தெரிஞ்சுக்கிற மாதிரி மாத்துங்க.”

“மாத்தலாம். ‘வெளையாட்டுக்குச் சொன்னேன்’னா விட்டுரலாம்னு ஒரு விதி போட்டா, முதல்ல அதச் சொல்றது யாருன்னு நெனைக்கிறீங்க? நெசமாவே குழந்தையக் கொடும பண்றவன்தான் சொல்லுவான். அதனாலதான் அந்த வாசல அடச்சு வெச்சிருக்கோம்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. அப்பாவோ பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, தான் விளக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முகத்தோடு தொண்டையைச் செருமினார்.

“கேலி மட்டும் இல்லீங்க. நா நெசமாவே வித்திருக்கறேன்.”

“என்னது?”

“இவளத்தானுங்க” என்று என்னைக் காட்டினார். “இவளுக்கு முன்னால ரெண்டு புள்ள பொறந்து பொறந்து போயிருச்சு. இவ பொறந்த பதினோராம் நாளு, பக்கத்து வீட்டு மாராத்தாளுக்கு முறத்துல வெச்சுக் குடுத்துப்போட்டனுங்க. அவ ஒரு படி தவிடு குடுத்தா. அன்னைக்கிருந்து இவ மாராத்தா புள்ள. நாங்க சும்மா வாங்கிட்டு வந்து வளத்தோம், அவ்வளவுதான். எமன் வந்து கேட்டா, இது எங்க புள்ள இல்லீங்கன்னு சொல்லிப்போடலாமில்லீங்க? அப்படிப் பொழச்சவதானுங்க இவ. அதனால எங்கூட்டுல தவிட்டுக்கு வாங்குனதுன்னா அது ஆசீர்வாதமுங்க.”

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்ட கதை, ஆனால் ஒரு தடவைகூட என்னால் சாதாரணமாகக் கேட்க முடிந்ததில்லை. வாசுகி மட்டும் எங்களைப் பார்க்கவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிக்கொண்டிருந்த வரிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

“ஐயா, போதும், நிறுத்துங்க. எல்லாம் பதிவாகுது.”

“ஆகட்டுங்க, உண்மையத்தான சொல்றேன்.”

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. ‘விற்பனை நடந்ததா? ஆம், இல்லை.’ வாசுகி அதை வாசித்தார். முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழிக்காமல் ஒரு காசுகூட வாங்காத மனிதர் பொய் சொல்வாரா?

“ஆமாங்க” என்றார்.

அந்த ஒரு சொல்லோடு என் அப்பா குழந்தை விற்ற குற்றவாளி ஆகிவிட்டார். விற்கப்பட்ட குழந்தை நான், முப்பத்தைந்து வயதில், அவர் பக்கத்தில் அவருடைய தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். “மேடம், வித்த சரக்கு நாந்தான், என்னைக் கேளுங்க” என்று கத்தினேன். பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் இந்த நிலையில் தேவையில்லை என்று திரை சொன்னது.

வாசுகி திரையின் பதிவை நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “இது இப்படியே போச்சுன்னா போலீஸ் கேசு. ஐயா பேத்திய மறுபடி பாக்கவே முடியாது. ஒரு வழி இருக்குங்க. மறதிச் சான்று. ஐயாவுக்கு நினைவு சரியில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா, இன்னைக்குச் சொன்னது, முன்ன சொன்னது எதுவும் செல்லாது. இன்னைக்கே வீட்டுக்குள்ள போயிரலாம். இனிமே அவர் என்ன பேசினாலும் செவிலி கணக்குல எடுத்துக்காது.”

“எங்கப்பாவுக்குப் புத்தி சரியில்லன்னு எழுதச் சொல்றீங்களா?” நான் எழுந்துவிட்டேன். “காந்திபுரத்துல இருந்து உக்கடம் வரைக்கும் எல்லா ஸ்டாப்பும் இப்பக் கேளுங்க, வரிசையாச் சொல்லுவார். புத்தி சரியில்லாதது யாருக்குங்க? தவிட்டுக்கும் திருட்டுக்கும் வித்தியாசம் தெரியாத அந்தப் பொத்தானுக்கா, இவருக்கா?”

“தாரணி, மெதுவா” என்றார் திருமூர்த்தி. அவர் ஏற்கெனவே அந்தத் தாளை வாசித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய், வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். கால் மணி நேரம் இருக்கும். திருமூர்த்தி நகல் எடுக்க என்னைத் தாண்டி ஓடினார். நான் திரும்பி உள்ளே போனபோது அப்பா கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்.

“ஏம்ப்பா?”

“எனக்கு என்ற பேத்தி வேணும் அம்மிணி. அதுக்குப் புத்தி எதுக்கு?”

அடுத்து வந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் திருவிழாதான். அப்பாவின் வாய்க்கு விடுதலை கிடைத்துவிட்டது. கழுதை, காண்டாமிருகம், கண்ணாமுழி என்று இஷ்டத்துக்குப் பேசினார். செவிலியிடமிருந்து ஒரு மஞ்சள்கூட வரவில்லை. அமிழ்தா ஒரு கிலோ எடை கூடினாள். இந்தச் செய்தி அடுக்ககம் முழுக்கப் பரவியது. நான்காவது மாடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தெய்வசிகாமணி, ஊரையே மிரட்டி ஆண்டவர், பேரனிடம் வாய் திறக்கப் பயந்து ஒரு வருஷமாய் ஊமையாக இருந்தவர், ஒரு திங்கட்கிழமை பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு வாரியத்துக்குப் போய்த் தனக்கு நினைவு தப்பிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் பின்னாலேயே மூன்றாவது மாடி அம்மாள். அந்த வாரம் மட்டும் எங்கள் கட்டடத்திலிருந்து ஏழு பேர். பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதற்காகப் பெரியவர்கள் வரிசையில் நின்று தங்களைப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்ட ஊரில் நாம் இருக்கிறோம். இதைச் சொல்லிச் சொல்லி நானும் சிரித்தேன். சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

ஏனென்றால் ஒரு விஷயம் முதல் நாளே தெரிந்தது. வாசல் கதவு அப்பாவின் குரலுக்குத் திறக்கவில்லை. “கதவு தெற” என்று அவர் பஸ் குரலில் சொன்னார். அசையவில்லை. “கணக்குல எடுத்துக்காதுன்னா இப்படியா?” என்று வாரியத்துக்குப் போன் செய்தேன். நினைவு சரியில்லாதவர் குழந்தையை வெளியே அழைத்துப் போவது ஆபத்து, அதனால்தான் என்றார்கள். அப்படியானால் குழந்தையை அவரோடு தனியாக விடலாமா என்று கேட்டேன். செவிலி இருக்கும்போது வேறு துணை தேவையில்லை, சட்டப்படி செவிலிதான் துணை என்றார்கள். ஆக, நாங்கள் காலையில் வேலைக்குப் போனால் திரும்பி வரும்வரை என் அப்பாவும் மகளும் உள்ளே. மத்தியானம் பூங்காவுக்குப் போவது நின்றுபோனது. “அதுக்கென்ன அம்மிணி, பழகிக்கும்” என்றார் அப்பா. நானும் சரி என்று விட்டுவிட்டேன். எனக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

அது ஒரு வியாழக்கிழமை. இரண்டு மணிக்குப் பச்சை வந்தது. மூன்று மணிக்குப் பச்சை. அதன் கீழே ஒரு குறிப்பு: ‘இந்த மாதத்தின் மிகச் சிறந்த நேரம். குழந்தை தொடர்ந்து கதை சொல்கிறாள். குரலில் மென்மை.’ நான் அதைத் திருமூர்த்திக்கு அனுப்பினேன். அவர் ஒரு சிரிப்புப் படம் போட்டார். நான்கு மணிக்கும் பச்சை. நான்கேகாலுக்கு நான் கதவைத் திறந்தேன்.

அப்பா கூடத்தில், சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் தரையில் படுத்திருந்தார். பனியனோடு. வலது கை நெஞ்சின்மேல். அவர் போன் ஃப்ரிட்ஜுக்கு மேலே சார்ஜில் இருந்தது, அமிழ்தா எடுத்துவிடுவாள் என்று அங்கேதான் வைப்பது. அமிழ்தா தன் போர்வையை அவர் மேல் போர்த்தி, பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். “அப்புச்சி தூங்கறாங்க. நான் மெதுவா சொல்லிட்டு இருக்கேன்.”

ஆம்புலன்ஸ் ஆறு நிமிஷத்தில் வந்தது. ஆறே நிமிஷம்! டாக்டர் இதயம் என்றார். “விழுந்த ஒரு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தாக் காப்பாத்தியிருக்கலாம்” என்றார். டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வதுதான் அது. கேட்டவளுக்கு அப்படி இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் அன்றைய ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கினேன். பெற்றோருக்கு அந்த உரிமை இருக்கிறது. அப்பாவின் கடைசிப் பேச்சு அதில் இருக்கும் என்று நினைத்தேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்து கேட்டேன்.

ஒரு மணி நாற்பத்தெட்டு. பெரிதாக ஏதோ விழும் சத்தம். அமிழ்தாவின் குரல்: “அப்புச்சி?” பிறகு ஒன்றுமில்லை. பதினோரு விநாடி. “எங்க வலிக்குது?” ஒன்றுமில்லை. “செவிலி பேச மாட்டேங்குதா?” நீண்ட நேரம் ஒன்றுமில்லை. “ம்.” ஒன்றுமில்லை. “சிங்கமா, கரடியா?” நான்கு விநாடி. “சரி, கரடி.” சிரிப்பு. “நீங்க தூங்கக் கூடாது, கதை முடியல.” ஒன்றுமில்லை. அப்புறம் இருபது நிமிஷம் கரடிக் கதை, நடுநடுவே “ம்” கொட்டக் காத்திருக்கும் இடைவெளிகள். அதற்கும் அப்புறம், “தூங்கிட்டீங்களா?” என்று ஒரு கேள்வி. “சரி தூங்குங்க, நான் மெதுவா சொல்றேன்.” அங்கிருந்து நான் கதவைத் திறக்கிற சத்தம் வரை ஒரு நாலு வயதுக் குழந்தையின் கிசுகிசுப்பு.

என் அப்பாவின் குரல் எங்கேயும் இல்லை. கணக்கில் எடுக்காத குரலைப் பதிவிலும் வைப்பதில்லையாம். ஊரெல்லாம் கேட்ட குரல். அதில் ஒரு முனகலைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லை இந்தப் பாவிகள்.

சாயங்காலம் அமிழ்தாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். “அப்புச்சி என்ன சொன்னாங்க தங்கம்?”

“செவிலி செவிலின்னு நெறைய தடவ கூப்பிட்டாங்க. அது பேசல. அப்பறம், ஒண்ணுமில்ல சாமி, வயிறு நெறஞ்சுபோச்சு, நா படுத்துக்கறேன், நீ கதை சொல்லுன்னாங்க.”

“நீ பயந்துட்டியா?”

“மொதல்ல அழுகை வந்துச்சு. அழுதா கரடி ஓடிப்போயிரும்னு அப்புச்சி சொன்னாங்க. அதான் அழல.”

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை காலை வாரியத்துக்குப் போனேன். யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. வாசுகியின் மேசையில் ஒலிப்பதிவை வைத்தேன். முழுதும் கேட்க வைத்தேன். அந்த இடைவெளிகளில் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அழுதார். அழட்டும் என்று இருந்தேன்.

“ரெண்டரை மணி நேரம் ஒரு மனுஷன் தரையில கெடந்து கூப்பிட்டிருக்கார்” என்றேன். “உங்க செவிலி பச்சை அனுப்பிட்டு இருந்துச்சு. அவர் குரல எடுத்துக்காதுன்னு சொன்னீங்களே, செத்தாலும் எடுத்துக்காதுன்னு ஏன் சொல்லல?”

“சொன்னேங்க” என்றார் வாசுகி. மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நீங்க அப்ப வெளிய போயிட்டீங்க. உங்க வீட்டுக்காரர் நகலெடுக்கப் போயிருந்தார். கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஐயாவே கேட்டார், எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்ன பண்றதுங்கன்னு. உங்க குரல் எடுக்காதுங்கய்யா, ஆனா குழந்தை குரல் எடுக்கும், வீட்ல வேற பெரியவங்க இல்லாதப்ப அது ஒரு நிமிஷம் விடாம அழுதாப் போதும், ஆம்புலன்சும் வரும், ஆளும் வரும்னு சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். தலையாட்டினார்.”

அதுவரை நின்றுகொண்டிருந்த நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

“அவருக்குத் தெரியுங்க தாரணி” என்றார் வாசுகி. “எனக்கும் அதுதான் ஆறவே மாட்டேங்குது. ஏன் அவர் பண்ணல? ஒரு நிமிஷம்தானுங்க. உயிர் போற நேரத்துல, குழந்தைய ஒரு சத்தம் போட்டு மெரட்டியிருந்தாப் போதுமே. அழுதிருக்கும். பொழச்சிருப்பாரே.”

அவர் மேசைமேல் திரையில் அப்பாவின் கோப்பு திறந்திருந்தது. இறந்தவர் என்று குறித்து மூடுவதற்காக எடுத்து வைத்திருந்தார்கள். பெயர், வயது, அதற்கடுத்த கட்டத்தில், மறதிச் சான்றுக்கு அப்புறமும் யாரும் அழிக்காமல் விட்ட அந்த வார்த்தை: அச்சுறுத்துபவர். நான் அதன்மேல் விரலை வைத்தேன்.

“அவருக்கு மெரட்டத் தெரியாதுங்க மேடம்” என்றேன். “இத அழிச்சுட்டு, நா சொன்னத எழுதுங்க. எழுதற வரைக்கும் நா இங்க இருந்து எந்திரிக்க மாட்டேன்.”